சிவப்பு மை அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை நம் ஆபீஸில் புதிதாக மாட்டியிருக்கும், முகம் பார்த்து வருகை பதியும் மெஷின், என்னை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டது. கண்ணாடியைக் கழற்றிக் காட்டினேன். ஸ்டிக்கர் பொட்டை எடுத்துவிட்டுக் காட்டினேன். ஒருவேளை சிரித்தால் இரங்குமோ என்று பல்லையும் காட்டினேன். மசியவில்லை. எட்டு வருஷமாக இதே வாசலில் செருப்பைக் கழற்றிப் போடுகிறவளை நிற்கவைத்து ஒரு பெட்டி விசாரணை செய்கிறது. கடைசியில் உதவியாளர் முத்தையா அண்ணன்தான், "விடும்மா, பழைய நோட்டுலயே கையெழுத்தப் போடு" என்று பீரோவின் அடித்தட்டிலிருந்து வருகைப் பதிவேட்டை உருவிக்கொண்டு வந்தார். பாச்சை உருண்டையும் தூசியும் கலந்து குப்பென்று ஒரு நெடி. தும்மிக்கொண்டே திறந்தால் அது நாம் ஒன்றாக வேலை பார்த்த வருஷத்து நோட்டு. என் பெயருக்கு நேரே சிவப்பு மையில் எல், எல், எல் என்று லேட்டுக் குறி. அதற்கு மேல் வரியில் உங்கள் பெயர். அதற்கு நேரேயும் எல், எல், எல்.

சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாகவும் இல்லை. முத்தையா அண்ணன் தண்ணீர் கொண்டுவரப் போனார்.

இறந்து போனவர்களைப் பற்றி நல்லதாக மட்டும் எழுத வேண்டும் என்பார்கள். உங்களுக்கு அது ஆகாது. "உள்ளத உள்ளபடி எழுது, ஃபைல்ல நிக்கணும்ல" என்பீர்கள். அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் உங்களை எனக்குக் கண்டாலே பிடிக்காது.

நான் தொகுப்பூதியத்தில் கம்ப்யூட்டர் அடிக்க வந்தவள். வருஷா வருஷம் உத்தரவைப் புதுப்பித்தால்தான் வேலை. நீங்கள் நிரந்தரம். எங்கள் எல்லோருடைய விடுப்புக் கணக்கும் உங்கள் கையில். இரண்டு பேருக்கும் திண்டுக்கல்லிலிருந்து ஒரே பஸ். குஜிலியம்பாறை போகிற அந்த வண்டி எரியோட்டில் ஆள் ஏற்றி, ரயில்வே கேட்டில் காத்துக்கிடந்து, நம்மை இறக்கிவிடும்போது பத்தே கால் ஆகியிருக்கும். இறங்கியதும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வேகுவேகுவென்று நடப்பீர்கள். நான் பின்னால் ஓடிவருவேன். பீரோவைத் திறப்பீர்கள், நோட்டை எடுப்பீர்கள், சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பீர்கள். முதலில் உங்கள் பெயருக்கு ஒரு சிவப்பு எல். அடுத்தது எனக்கு. மூன்று எல் சேர்ந்தால் அரை நாள் சி.எல். காலி.

முதல் வாரத்திலேயே கேட்டுவிட்டேன்.

"அக்கா, நம்ம ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுலதான வந்தோம்?"

"ஆமா."

"பீரோ சாவி உங்க பைக்குள்ளதான இருக்கு? நீங்க வராம நோட்டே வெளிய வராது. அப்புறம் நம்மள லேட்டுன்னு யாரு சொல்லப் போறா?"

"கடிகாரமும் நம்ம பஸ்ஸுலயா வந்துச்சு?" என்றீர்கள்.

"மத்த ஆபீஸுல கால் மணி நேரமெல்லாம் கண்டுக்கிறதே இல்லையாம்க்கா."

"கண்டுக்காம விடுறது சலுகைத்தா. விட்டா நல்லதுன்னு இருந்துக்கிறணும். அத உரிமைன்னு நெனச்சுக்கிட்டு வந்து சட்டம் பேசப்படாது."

அன்றைக்குத்தான் உங்களுக்குச் 'சிவப்பு மை' என்று பெயர் வைத்தேன். எனக்கும் முத்தையா அண்ணனுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். தீபாவளிக்கு முந்தின நாள் என் மேசைமேல் ஒரு புதுச் சிவப்புப் பேனாவை வைத்து, "பேரு வச்சவளுக்கு ஒரு பேனா" என்று சொல்லிவிட்டு நீங்கள் பாட்டுக்குப் போய்விட்டீர்கள். முத்தையா அண்ணன் இரண்டு நாள் உங்கள் பக்கமே வரவில்லை.

உலகத்தில் உள்ள அத்தனையையும் நீங்கள் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தீர்கள். ஒன்று உரிமை, இல்லாவிட்டால் சலுகை. மூன்றாவதாக எதற்கும் இடமில்லை. மத்தியானம் டப்பாவைத் திறந்து நான் உங்கள் கத்திரிக்காய்க் குழம்பை எட்டிப் பார்த்தால், "ஒன் சோறு ஒனக்கு உரிமை. என் வெஞ்சனம் ஒனக்குச் சலுகை. நானா வச்சாத்தான் உண்டு" என்று ஐந்து நிமிஷம் என்னைக் காக்கவைத்துவிட்டு அப்புறம் பாதிக்குழம்பையும் என் டப்பாவில் கொட்டுவீர்கள். பஸ்ஸில் டிரைவர் பக்கத்து இன்ஜின் பெட்டிமேல் உட்காரச் சொன்னால் உட்கார மாட்டீர்கள், அது அவர் தயவு. பெண்கள் சீட்டில் ஓர் ஆண் உட்கார்ந்திருந்தால் விட மாட்டீர்கள், அது நம் இடம். சாயங்காலம் காய் வாங்கும்போது நான் வழக்கம்போல, "அண்ணே, கொஞ்சம் கறிவேப்பில போடுங்க" என்று கேட்டுவிட்டால் போதும், என் கையைப் பிடித்து இழுப்பீர்கள்.

"கொசுறு அவரு மனசு. கேட்டு வாங்குனா அதுக்குப் பேரு பிடுங்கல்."

அதே கடையில் தராசு ஒரு நாள் தக்காளியில் கொஞ்சம் பொய் சொன்னபோது நீங்கள் போட்ட சண்டையில் பக்கத்து மூன்று கடைக்காரர்களும் தங்கள் தராசைத் துடைத்து வைத்தார்கள். கறிவேப்பிலை கேட்கக் கூச்சப்படுகிறவர் ஐம்பது கிராம் தக்காளிக்கு ஏன் இந்தப் பாடு படுகிறார் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. கிறுக்கு என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் நான் உண்டானேன். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து. சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம், அக்கா. உத்தரவு புதுப்பிக்கிற மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. வயிறு தெரிந்தால் வேலை போய்விடும். என் வீட்டுக்காரர் நிலக்கோட்டையிலிருந்து பூ ஏற்றுகிற வேன் ஓட்டுகிறார். பூ இருந்தால் ஓட்டம், இல்லாவிட்டால் வீட்டில். என் வேலையை நம்பித்தான் நாங்கள் குழந்தைக்கே துணிந்திருந்தோம். அதனால் மொடமொடப்பான காட்டன் சேலையாகக் கட்டி, மடிப்பைத் தூக்கிச் செருகி, ஆறு மாதம் வரைக்கும் ஒருவர் கண்ணிலும் படாமல் ஓட்டிவிட்டேன்.

அந்த ஆறு மாத உழைப்பை நீங்கள் ஒரே நிமிஷத்தில் கெடுத்தீர்கள். பஸ்ஸில் பெண்கள் சீட்டில் பெரிய மீசைக்காரர் ஒருவர் தூங்குவதுபோல் உட்கார்ந்திருந்தார். நீங்கள் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற குரலில், "ஏங்க, எந்திரிங்க. பிள்ளத்தாச்சி நிக்குது, கண்ணு தெரியலையா?" என்றீர்கள். அவர் எழுந்தார். கூடவே பக்கத்தில் இருந்தவரும் எழுந்தார். பஸ் முழுவதும் என் வயிற்றைப் பார்த்தது. ஆபீஸ் பக்கத்து டீக்கடைக்காரரும் அதே பஸ்ஸில் இருந்தார். நாம் போய்ச் சேர்வதற்குள் சேதி முன்னால் போய் உட்கார்ந்திருந்தது.

உங்களோடு இரண்டு நாள் நான் பேசவில்லை. மூன்றாம் நாள் நீங்களே வந்தீர்கள்.

"மூடி மூடி வைக்கிறதுக்கு நீ என்ன திருடிட்டா வந்திருக்க?"

அதிகாரி அறைக்கு என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். அதிகாரி ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர், மரியாதை தெரிந்த மனிதர். ராத்திரி முழுக்கத் திருத்தித் திருத்தி எழுதிய விண்ணப்பத்தைக் கொடுத்தேன். 'எனது ஏழ்மை நிலையைக் கருத்தில் கொண்டு, கருணை கூர்ந்து மகப்பேறு விடுப்பு அளித்து, மீண்டும் பணியில் சேர அனுமதிக்குமாறு தங்கள் தாள்பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.' அவர் நிதானமாகப் படித்தார்.

"ஏனுங்கம்மா, பர்மனென்ட்டுன்னா அது வேறங்க. உங்களுக்கு அப்படி ஏதும் இல்லீங்களே. ஆனாலும் பாவம், புள்ளத்தாச்சி. ஒரு பத்து நாள் நான் கண்டுக்காம விட்டுடறேனுங்க. அதுக்கு மேலன்னா வேற ஆளப் போட்டுக்குவோமுங்க. பொறவு இடமிருந்தாப் பாக்கலாமுங்க."

கையெடுத்துக் கும்பிட்டேன். உண்மையிலேயே நன்றியோடுதான் கும்பிட்டேன். வெளியே வந்ததும் நீங்கள் கேட்டீர்கள்.

"என்னங்கிறாரு?"

"பத்து நாள் விடுறேன்னாருக்கா. நல்ல மனுசன்."

"பத்து நாளா?" என்றீர்கள். மறுபடியும், "பத்து நாளா சொன்னாரு?" என்றீர்கள். பிறகு கையை நீட்டி என் விண்ணப்பத்தின் நகலை வாங்கிச் சிவப்புப் பேனாவைத் திறந்தீர்கள்.

"ஏழ்மை நிலை எதுக்கு? பணக்காரிக்குப் பிள்ள பொறக்காதா? அடி. கருணை எதுக்கு? அடி. தாள்பணிந்து. ஏத்தா, இப்ப ஒன்னால குனிய முடியுமா?"

"முடியாதுக்கா."

"அப்புறம் எதுக்குப் பொய்யி எழுதுற? அடி."

அடித்து அடித்து, கடைசியில் மிஞ்சியதை நீங்களே ஒரே வரியாக மாற்றி எழுதினீர்கள். 'பிரசவ நாள் முதல் ஆறு மாதம் விதிப்படி மகப்பேறு விடுப்பில் செல்கிறேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.'

"இது கேக்குற கடுதாசி இல்ல. தெரிவிக்கிற கடுதாசி."

நான் விடவில்லை. "அக்கா, போன மாசம் எஞ் சி.எல். லெட்டர்ல 'பணிவுடன்' இல்லைன்னு நீங்கதான திருப்பி விட்டீங்க?"

"சி.எல். குடுத்தா உண்டு, குடுக்காட்டி இல்ல. அதுக்குப் பணிவு வேணும். இது விதியில இருக்கு. நீ தற்காலிகமா நிரந்தரமான்னு உள்ள இருக்கிற பிள்ளைக்கு என்ன தெரியும்?"

ஃபைல் உள்ளே போனது. அதிகாரி அதை மற்ற ஃபைல்களுக்கு அடியில் வைத்துவிட்டார். ஒரு வாரம், இரண்டு வாரம். எனக்கு எட்டாம் மாதம். காலெல்லாம் வீங்கி, தினமும் அந்த அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் பேச்சைக் கேட்டதில் கிடைத்த பத்து நாளும் போயிற்றே என்று மனசுக்குள் உங்களைத் திட்டாத திட்டில்லை. கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். கேட்டிருந்தாலும் கணக்கில் எழுதியிருப்பீர்கள்.

அந்த மாதம் முதல் தேதியில் நீங்கள் புதுப் பக்கம் கோடு போட்டபோது முதல் வரியில் ஒரு பெயர் கூடுதலாக ஏறியதை நான் கவனிக்கவில்லை. முத்தையா அண்ணன்தான் பார்த்துவிட்டு முகம் வெளுத்து ஓடிவந்தார். அதிகாரியின் பெயர். அவர் வருவது பதினொன்றரைக்கு. அந்த ஆபீஸ் உண்டான நாளிலிருந்து எந்த அதிகாரியும் அந்த நோட்டில் கையெழுத்துப் போட்டதில்லை. போட வேண்டியதில்லை என்றுதான் நாங்கள் அத்தனை பேரும் நம்பிக்கொண்டிருந்தோம். நீங்கள் தினமும் காலையில் வரிசையாக மூன்று எல் போட்டீர்கள். அவருக்கு, உங்களுக்கு, எனக்கு.

வெளிவேலை போக அந்த மாதம் அவர் ஆபீஸுக்கு வந்தது பன்னிரண்டு நாள். மாதக் கடைசியில் வருகைச் சுருக்கம் மாவட்ட ஆபீஸுக்குப் போக வேண்டும். அதையும் என் ஃபைலையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு நீங்கள் உள்ளே போனீர்கள். நானும் முத்தையா அண்ணனும் கதவோரம் நின்றோம்.

"ஏனுங்கம்மா, எம் பேரு எப்படிங்க இதுல வந்துச்சு?"

"எல்லாரு பேரும் இருக்குங்கய்யா. உங்க பேருதான் விட்டுப்போயிருந்துச்சு. சேத்துட்டேன். பன்னெண்டு லேட்டு, ரெண்டு நாள் சி.எல்."

"அதிகாரி கையெழுத்துப் போட வேண்டியதில்லீங்களே."

"அப்படி உத்தரவு இருந்தாக் குடுங்கய்யா. ஃபைல்ல வச்சுக்கிட்டு இப்பவே பேர எடுத்துர்றேன். நானும் தேடிப் பாத்தேன், கிடைக்கல."

"இத்தன வருசமா யாரும் கேட்டதில்லீங்களே."

"கேக்காம விட்டது உங்களுக்குச் சலுகைங்கய்யா. அந்தப் பிள்ள எழுதிக் குடுத்திருக்கிறது உரிமை. நீங்க ரெண்டையும் எடம் மாத்தி வச்சிருக்கீங்க."

முத்தையா அண்ணன் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு பேனா மூடி திறக்கிற சத்தம். என் ஃபைலில் கையெழுத்து விழுந்தது.

"இதுல எம் பேர எடுத்துருவீங்கல்ல?"

"அது வேற ஃபைலுங்கய்யா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தீர்கள்.

மறுநாளிலிருந்து அதிகாரி சரியாகப் பத்து மணிக்கு வந்தார். வந்து என்ன செய்ய? பீரோ சாவி நம் பஸ்ஸில் ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தது. பாவம் மனிதர், வேப்பமரத்தடியில் முத்தையா அண்ணனோடு நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் வேகுவேகுவென்று வந்து அவருக்கு வணக்கம் சொல்லி, அவர் கண்ணெதிரே உங்கள் பெயருக்குச் சிவப்பு எல் போட்டுவிட்டு, கையெழுத்துப் போட நோட்டை அவர் பக்கம் திருப்பி வைப்பீர்கள். வருஷம் முடிவதற்குள் மாறுதல் வாங்கிக்கொண்டு ஊர்ப்பக்கமே போய்விட்டார்.

எனக்கு வலி எடுத்தது ஒரு முகூர்த்த நாளில். ஆட்டோ ஒன்றும் கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரர் தன் பூ வேனிலேயே ஏற்றினார். மல்லிகைப்பூ மூட்டைகளுக்கு நடுவில் நான் கத்திக்கொண்டு போகிறேன், உங்கள் போன் வருகிறது.

"வலி எப்ப ஆரம்பிச்சுச்சு?"

"இப்பத்தான்க்கா, அய்யோ."

"இப்பன்னா எத்தன மணி? முற்பகலா பிற்பகலா? லீவு அதுலருந்துதான் எழுதணும்."

என் வீட்டுக்காரர் போனைப் பிடுங்கி, "அக்கா, அவ கத்திக்கிட்டிருக்கா" என்றார். "கத்தட்டும் தம்பி. நீங்க மணியப் பாத்துச் சொல்லுங்க" என்றீர்கள். பாப்பா பதினொன்று ஐம்பதுக்குப் பிறந்தாள். முற்பகல் என்று எழுதினீர்கள்.

ஆறு மாதம் கழித்து நான் வேலைக்குத் திரும்பின முதல் நாளே ரயில்வே கேட் மூடியிருந்தது. நீங்கள் எனக்கு எல் போட்டீர்கள். மத்தியானம் சாப்பிடும்போது வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"எம் மேல உங்களுக்குப் பிரியந்தானக்கா?"

"பிரியமா? ஒம் மேலயா? வந்த அன்னைக்கே லேட்டு."

"அப்புறம் எனக்காக ஏன் அம்புட்டுச் சண்ட போட்டீங்க?"

"ஒனக்காக எங்கத்தா போட்டேன்? பிடிச்சவளுக்கு வாங்கிக் குடுத்தா அது சலுகை. பிடிக்காதவளுக்கும் கிடைச்சாத்தான் அது உரிமை. அந்த வகையில நீ ரொம்பத் தோதா அமைஞ்ச" என்று சொல்லி வெஞ்சனத்தை என் டப்பாவில் கொட்டினீர்கள்.

நீங்கள் ஓய்வு பெற்றீர்கள். நான் இன்னும் தொகுப்பூதியம்தான். போன மழைக்காலத்தில் உங்களுக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டு, காலையில் ஒரு மணி நேரம் பெர்மிஷன் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். பாதியாகியிருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "பெர்மிஷன் போட்டியா?"

"போட்டேன்க்கா."

"பதினோரு மணிக்கு அங்க இருக்கணும். ஒம்பதே முக்கால் பஸ்ஸப் பிடி."

பாப்பா இரண்டாம் வகுப்பு போவதைச் சொன்னேன். முகம் பார்க்கும் மெஷின் வரப்போவதைச் சொன்னேன். "அதுக்கு லேட்டுன்னா என்னான்னு தெரியுமா?" என்று சிரித்தீர்கள், சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. ஒன்பதரைக்கு எழுந்தேன். நீங்கள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"செத்த நேரம் இருந்துட்டுப் போயேன்."

அந்தக் குரலை நான் அதுவரைக்கும் கேட்டதில்லை. அதைத் தாங்க முடியாமல் கிண்டலாகக் கேட்டேன். "இது எதுலக்கா சேத்தி? உரிமையா, சலுகையா?"

நீங்கள் நிஜமாகவே யோசித்தீர்கள். "தெரியலத்தா. கேக்கணும்னு தோணுச்சு, கேட்டுட்டேன்."

உட்கார்ந்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்.

"எம் மூத்தவன் பொறந்தப்ப நானும் தினக்கூலிதான். ஒனக்குத் தெரியாது. அப்ப இருந்த அதிகாரியும் நல்ல மனுசன்தான். பாவப்பட்டு பத்து நாள் விட்டாரு. பதினோராம் நாளு பச்சப்பிள்ளய எங்கம்மாட்ட போட்டுட்டுப் பஸ் ஏறுனேன். மாரு கட்டிக்கிட்டு உசிரு போகுது. பாத்ரூமுல போயிப் பீச்சி ஊத்திட்டு வந்து ஃபைல் எழுதுனேன்."

நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பாலு வீணாப்போனதுகூட இல்லத்தா. அந்தப் பத்து நாளுக்கு அவரக் கையெடுத்துக் கும்பிட்டேன் பாரு. அதுதான் இன்னும் ஆற மாட்டேங்குது."

ஒன்பதே முக்கால் பஸ் போய்விட்டது. அடுத்ததும் போனது. நீங்கள் தூங்குகிற வரைக்கும் இருந்தேன், அக்கா. அதுதான் நான் உங்களைக் கடைசியாகப் பார்த்தது.

போன வாரம் ஆபீஸில் புதிதாகத் தொகுப்பூதியத்தில் சேர்ந்திருக்கிற பெண் என் மேசைக்கு வந்தாள். ஐந்தாம் மாதம். மொடமொடப்பான காட்டன் சேலை. "அக்கா, எனக்கு ஒரு லெட்டர் எழுதித் தாங்க. ஐயாகிட்ட நீங்கதான் ஒரு வார்த்த சொல்லணும்" என்று இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றாள். நான் பேப்பரை எடுக்கவில்லை.

"மொதல்ல கைய எறக்குத்தா" என்றேன்.